பழமைக் கோலமும் வாய்மையும்

நெடுங்காலம் பயன்பட்ட பொருள் தேய்வது இயல்பு. தேய்ந்த பொருளைப் புதிதெனக் காட்ட முனைவதும் மனிதர் காலங்காலமாகச் செய்துவரும் செயலே. ஆனால், புத்தம் புதிய பொருளொன்றை வேண்டுமென்றே தேய்த்துப் பழையதெனத் தோன்றச் செய்தல் இவ்விரண்டிலும் வேறானது. மேனாட்டு இசைக்கருவியுலகில் இவ்வழக்கம் கடந்த சில பத்தாண்டுகளில் ஆழ வேரூன்றியுள்ளது. மலிவு விலைக்கு வாங்கிய பேஸ் கிற்றாரின் வண்ணப்பூச்சைச் சுரண்டி, அதன் உலோக உறுப்புகளைக் கறுக்க வைத்து, அறுபது ஆண்டுகள் மேடைகளிற் புழங்கிய கருவிபோல அதனை மாற்றியமைத்தல் பலருக்குப் பொழுதுபோக்காகவும் சிலருக்குத் தொழிலாகவும் உள்ளது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இஃது அற்பமான செயலாகத் தோன்றலாம். எனினும், ஒரு பொருளின் தோற்றம் பொய் கூறுமா, வாய் திறவாமலே ஒருவன் பொய்யனாதல் கூடுமா என்னும் பழைய வினாக்களை இச்செயல் புதிய வடிவில் எழுப்புகின்றது.

இவ்வழக்கத்தின் பின்னணி முதலில் நோக்கற்பாலது. அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், வானொலிப்பெட்டி திருத்துந் தொழிலிலிருந்து இசைக்கருவி ஆக்கத்துக்கு வந்தவர் லியோ பென்டர். அவர் 1951இல் ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் மின் பேஸ் கிற்றாரை வெளியிட்டார். ஆளுயர டபிள் பேஸைச் சுமந்து திரிந்த இசைஞர்க்கு, தோளிலே தொங்கவிட்டு இசைக்கத்தக்க கருவியொன்று இதனாற் கிடைத்தது. 1960இல் ‘ஜாஸ் பேஸ்’ வெளிவந்தது. 1965இல் பென்டரின் நிறுவனம் சீ.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதன் பின்னர் தரம் தாழ்ந்ததென இசைஞரிடையே எழுந்த கருத்து, 1965க்கு முற்பட்ட கருவிகளுக்குத் தனியானதொரு மதிப்பை அளித்தது. அக்கருவிகள் இன்று பல்லாயிரம் டொலர் விலைபெறுவன. சாதாரண இசைஞன் எட்டிப் பிடிக்க இயலாதன. மறுபுறம், 1982இல் தொடங்கப்பட்ட ‘ஸ்குவையர்’ போன்ற மலிவு வரிசைகள் அதே வடிவத்தை எளியவர் கைக்கும் எட்டச் செய்தன. வடிவம் ஒன்று, விலை வேறு, வரலாறு வேறு என்னும் இந்நிலையே செயற்கை முதுமைக்கு வித்திட்டது எனலாம்.

பழைய கருவிகளின் தேய்வுக்கு அவற்றின் பூச்சும் ஒரு காரணமாகும். 1950களிலும் 1960களின் முற்பகுதியிலும் பெரிதும் பயன்பட்ட நைத்திரோசெலுலோசு மெருகுப்பூச்சு மெல்லியது. ஆண்டுகள் செல்ல அது மஞ்சளிக்கும். வெப்பநிலை மாற்றத்தால் நுண்ணிய வெடிப்புகள் கொள்ளும். உடல் உராயுமிடத்தில் தேய்ந்து மரத்தை வெளிக்காட்டும். வலது முன்கை சாயும் மேல்விளிம்பு, பெருவிரல் ஊன்றும் இடம், அரைப்பட்டியின் கொளுவி படும் பின்புறம், இடக்கை வழுக்கிச் செல்லும் கழுத்து என்பன முதலில் தேயும் இடங்கள். இன்றைய மலிவுக் கருவிகளிலோ பொலியெஸ்ரர், பொலியுரேதேன் ஆகிய தடித்த பூச்சுகளே பெரும்பாலும் காணப்படுகின்றன. இவை எளிதில் தேய்வதில்லை. அடிபட்டால் உடைந்து பெயர்வனவேயன்றி, மங்கி மெலிவன அல்ல. எனவே பழமைக் கோலம் விரும்புபவன் அப்பூச்சை வெப்பமூட்டிக் களைந்து, மெல்லிய பூச்சைப் பூசி, தேயவேண்டிய இடங்களை அரத்தாளால் உரசுகிறான். ஆணிகளையும் தந்திதாங்கியையும் காடியின் அல்லது அமிலத்தின் ஆவியிலே வைத்துக் கறுக்கச் செய்கிறான். வெண்ணிறப் பிளாஸ்ரிக் உறுப்புகளைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைக்கிறான். வேலையில் வல்லவன் எனின், எக்கை எங்கே படும், எவ்விரல் எங்கே ஊன்றும் என்பதையெல்லாம் எண்ணியே தேய்க்கிறான். நடைபெறாத ஒரு வாழ்க்கையைக் கற்பனை செய்து, அதன் சுவடுகளை மட்டும் மரத்திலே பதிக்கிறான்.

தனியார் சிலரது கைவேலையாக இருந்த இதனைப் பென்டர் நிறுவனமே 1995இல் ‘றெலிக்’ என்னும் பெயரில் வணிகப் பொருளாக்கியது. புனிதர்களின் எச்சங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அப்பெயர் என்பது கருதத்தக்கது. பழுதற்ற கருவியைக் காட்டிலும் பழுதாக்கப்பட்ட கருவிக்குக் கூடிய விலை கொடுக்கப்படும் முரண்நிலையும் இதனால் உருவாயிற்று.

இனி, இச்செயலில் வாய்மைக் குறைபாடு உண்டா என்பதை ஆராயலாம். இல்லை என்போர் முதலாவதாகக் கூறுவது, தேய்த்தவன் எதனையும் எவருக்கும் சொல்லவில்லை என்பதே. பொய் என்பது கூற்றுக்கு உரிய குற்றம். மரத்திலுள்ள கீறல் கூற்றன்று. எனவே அதிற் பொய்க்கு இடமில்லை என்பர். இவ்வாதத்தின் வலுவை அளக்கத் தமிழ் மரபின் அளவையியல் துணைபுரிகின்றது. காட்சி, கருதல், உரை என அளவைகள் வகுக்கப்பட்டன. புகையைக் கண்டு தீயை உய்த்துணர்தல் கருதல். நம்பத்தக்கோன் சொற்கொண்டு அறிதல் உரை. தேய்வுக் குறி உரையைச் சார்ந்ததன்று என்பது உண்மையே. அது கருதலைச் சார்ந்தது. தேய்வைக் காண்பவன் நெடுநாட் பயன்பாட்டை உய்த்துணர்கிறான். பனியையோ நீராவியையோ புகையென மயங்கித் தீயைத் துணிவது போன்ற வழுக்களை ஏதுப்போலி என்றனர் அளவைநூலார். மணிமேகலையும் இவ்வகைப் போலிகளை விரித்துரைக்கின்றது. இயற்கையில் நேரும் ஏதுப்போலிக்கு எவரும் பொறுப்பாளியல்லர். தீயில்லாத இடத்திலே புகையை ஒருவன் திட்டமிட்டு எழுப்புவானாயின், பிறர் துணிவு பிழைப்பதற்கு அவனே பொறுப்பாளி. உரைப்பவன் சொல்லிலே பொய்யை வைக்கிறான். இவனோ காண்பவனது அறிவு செல்லும் வழியிலே அதனை வைக்கிறான். ஆகவே, சொல் இல்லை என்பதனால் மட்டும் குற்றம் இல்லை என்றாகிவிடாது.

இரண்டாவது வாதம் இதனினும் நுண்ணியது. அரங்கிலே முதியவனாகத் தோன்றும் இளம் நடிகன் எவரையும் ஏமாற்றுவதில்லை. நரைத்த தாடி ஒட்டப்பட்டதென்பது அவையோர்க்குத் தெரியும். பழமைக் கோலங்கொண்ட கிற்றாரும் இவ்வாறான ஒப்பனையே என்பர். இவ்வாதம் ஒரு நிபந்தனையுடன் ஏற்கத்தக்கது. ஒப்பனையைக் குற்றமற்றதாக்குவது நடிகனுக்கும் அவைக்கும் இடையேயுள்ள உடன்பாடு. அவ்வுடன்பாடு நீங்குமிடத்து ஒப்பனை மாறுவேடமாகிவிடும். இதற்கு வரலாற்றிலே தெளிவான சான்றுண்டு. இளைஞராயிருந்த மைக்கலாஞ்சலோ உறங்கும் காமதேவன் சிலையொன்றைச் செதுக்கினார். அது பண்டைய சிலைபோலத் தோன்றுமாறு ஆக்கப்பட்டு, 1496இல் உறோமாபுரியிலே கர்தினால் றியாறியோவுக்கு விற்கப்பட்டது. உண்மை வெளிப்பட்டதும் கர்தினால் வணிகனிடமிருந்து பணத்தை மீளப் பெற்றார். ஆயினும் சிற்பியின் திறமையை மதித்து அவரை உறோமாபுரிக்கு வரவழைத்தார். கர்தினாலின் செயலில் இரு தீர்ப்புகள் அடங்கியுள்ளன. கைத்திறன் போற்றப்பட்டது; விற்பனை ஏற்கப்படவில்லை. ஒரே சிலை, கலையாகும்போது பெருமையும் சான்றாகும்போது இழுக்கும் பெற்றது.

மூன்றாவது வாதம் தீங்கின்மை பற்றியது. பிறர்க்குத் தீமை பயவாத சொல்லே வாய்மை என வள்ளுவர் இலக்கணம் வகுத்தார். தன் அறையில் இருந்து தன் கருவியைத் தேய்ப்பவனால் யாருக்குத் தீங்கு என்று வினவலாம். விடை அவ்வளவு எளிதன்று. அவன் கருவியின் தலைப்பகுதியிலுள்ள மலிவு வரிசையின் பெயரை அழித்து, விலையுயர்ந்த வரிசையின் பெயர்ச்சின்னத்தை ஒட்டுவானாயின், அது தேய்வன்று, எழுத்தாலான பொய்க்கூற்று. இன்று அவன் விற்கக் கருதாதிருக்கலாம். ஆனால் கருவி அவனிலும் நீண்ட ஆயுளுடையது. அவனுக்குப் பின் அது கைமாறும்போது, உண்மை அறிந்தவன் ஒருவனும் அதனுடன் செல்வதில்லை. தீங்கு பிற்காலத்தவர்க்கென ஒத்திவைக்கப்படுகிறதேயன்றி இல்லாதொழிவதில்லை.

தீங்கு வேறொரு வழியாலும் நேரும். தேய்ந்த தோற்றத்துக்கான வேட்கை கிற்றாருடன் நின்றதன்று; தேய்ந்த ஜீன்ஸ் ஆடை அதன் மிகப் பரந்த வடிவம். புதிய துணியைப் பழையதாக்க மணலை விசையுடன் வீசியடிக்கும் முறை துருக்கியின் பட்டறைகளிலே கையாளப்பட்டது. அத்தூசியைச் சுவாசித்த இளந்தொழிலாளர் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நுரையீரல் நோய்க்கு ஆளாகினர், பலர் இறந்தனர். 2009இல் அந்நாட்டரசு அம்முறையைத் தடைசெய்தது. உழைப்பின் சுவடுகளை உழையாதவர் அணிந்துகொள்வதற்காக உண்மையான உழைப்பாளிகள் தம் மூச்சை இழந்தனர் என்பதே இதன் பொருள். கிற்றாரைத் தன் கையால் தேய்ப்பவன் இத்தகைய கொடுமையைச் செய்தவனல்லன். எனினும், தோற்றத்தின் விலையை யார் செலுத்துகின்றனர் என்னும் வினா அவனுக்கும் உரியது.

இங்ஙனம் கூறுவதனால் இச்செயல் முழுவதும் பழிக்கத்தக்கதென்று கொள்ளுதல் நேர்மையாகாது. கூரிய விளிம்புகள் மழுங்கிய கழுத்து கைக்கு இதமளிக்கின்றது. பிசுபிசுக்கும் பூச்சு நீங்கிய மரத்திலே கை தடையின்றிச் செல்கின்றது. இவை உண்மையான நன்மைகள். புதிய பொருளிலே முதற் கீறல் விழுமோவென்று அஞ்சி, கருவியை இசைப்பதிலும் துடைப்பதிலேயே பொழுதைக் கழிப்பவன் அவ்வச்சத்தினின்று விடுபடுகிறான். தன் கையாலே கழற்றிப் பூட்டியவன் கருவியின் அமைப்பை அறிகிறான். இவற்றுக்கு மேலாக, பொருள் வசதியற்ற இளைஞனொருவன் தான் போற்றும் இசைஞரது கருவியின் சாயலைத் தன் எளிய கருவியிலே காண விரும்புவது அன்பின் பாற்பட்டது. செல்வர்க்கு மட்டுமே பழமை உரியது என்னும் நிலையை அவன் தன்னளவில் மறுக்கிறான் என்றுங்கூடக் கூறலாம்.

ஆயினும், அவன் விரும்புவது எதனை என்பது தெளிவுபட வேண்டும். மோட்டவுன் இசைத்தட்டுகளிலே பேஸ் இசைத்த ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸின் தந்திகளைப் பெரும்பாலும் மாற்றாமலே வைத்திருந்தார். வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே இசைத்தார். அக்கருவி 1983இல், அவர் இறப்பதற்குச் சற்று முன் களவாடப்பட்டது. அயர்லாந்து இசைஞர் றோறி கலகர் 1963இல் வாங்கிய கிற்றார், மேடைதோறும் அவர் வியர்வையில் நனைந்து பூச்சிழந்தது. அதன் தழும்புகளை அவ்வாறே பின்பற்றிய பிரதிகளை அதனை ஆக்கிய நிறுவனமே பின்னர் விற்பனைக்கு வெளியிட்டது. கலகர் தம் கிற்றாரைத் தேய்க்க எண்ணி இசைத்தாரல்லர். இசைத்தார், அது தேய்ந்தது. செயலின்போது தானே நேர்ந்த ஒன்றை நேரடி நோக்கமாகக் கொள்ளும்போது, நோக்கம் நிறைவேறுகின்றது, செயல் விடுபட்டுப்போகின்றது.

நினைவுச்சின்னங்களைப் பற்றி 1903இல் எழுதிய அறிஞர் அலொய்ஸ் றீகல், பொருள்களின் முதுமைக்குத் தனியானதொரு மதிப்புண்டு எனக் காட்டினார். காலம் இயற்கைவழி நின்று ஆற்றிய தொழிலை அப்பொருளிலே காண்பதால் எழுவது அம்மதிப்பு. பழையதிற் காணும் புதுமை உறுத்துவது போலவே புதியதிற் காணும் அகால முதுமையும் உறுத்தும் என்பது அவர் கருத்து. 1968இல் ‘கலையின் மொழிகள்’ என்னும் நூலை வெளியிட்ட நெல்சன் குட்மன், மூலத்தையும் போலியையும் கண்ணால் வேறுபடுத்த இயலாதபோதும், ஒன்று போலியென்னும் அறிவே அவற்றைக் காணும் முறையை மாற்றும் என வாதிட்டார். இவ்விரு கருத்துகளையும் இணைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். செயற்கைத் தழும்பினால் ஏமாறாதிருக்கும் ஒரே மனிதன் அதனை இட்டவன். தான் விரும்பிய முதுமை மதிப்பை முழுமையாக நுகர இயலாதவனும் அவனே. அவன் தன் அறிவை மறந்தாலன்றி அந்நுகர்வு கைகூடாது. பிறரை ஏமாற்றாத தூயவனுக்கும் தன்னை ஏமாற்றும் ஆபத்து எஞ்சி நிற்கின்றது.

இதற்குத் தீர்வு கருவியின் உள்ளேயே உண்டு. பென்டரின் பழைய ஆலையிலே தொழிலாளர் கருவியின் கழுத்தினது அடிமுனையில் திகதியைப் பென்சிலால் எழுதிவைத்தனர். கழுத்தை உடலோடு பொருத்தியபின் அது வெளியே தெரிவதில்லை. கழற்றிப் பார்ப்பவனுக்கு மட்டுமே புலப்படும். பழைய கருவிகளின் வயதை ஆய்வோர் இன்றும் அவ்வெழுத்தையே நாடுகின்றனர். புதிய கருவிக்குப் பழமைக் கோலம் இடுபவனும் அவ்விடத்திலே தன் பெயரையும், தான் தேய்த்த திகதியையும், கருவியின் உண்மையான வரிசையையும் எழுதிவைக்கலாம். தலைப்பகுதியிலே அதன் சொந்தப் பெயரை விட்டுவைக்கலாம். அவ்வாறு செய்தவிடத்து ஒப்பனைக்கு வேண்டிய உடன்பாடு, இன்னும் பிறவாத வாங்குநனோடும் செய்யப்பட்டதாகும். புகையை எழுப்பியவனே தீயில்லை என்று எழுதிவைத்தபின், அதனை ஏதுப்போலி என்பார் இலர்.

அதன் பின் ஆற்றவேண்டிய கடமை ஒன்றே எஞ்சுகின்றது. அது கருவியை இசைத்தல். அரத்தாள் தேய்த்த அதே மேல்விளிம்பிலே அவன் முன்கை நாள்தோறும் சாயும். இருபது ஆண்டுகள் கழிந்தபின் செயற்கைத் தேய்வு எங்கே முடிந்தது, உண்மைத் தேய்வு எங்கே தொடங்கியது என்பதை அவனாலும் பிரித்துக் காட்ட இயலாது போகலாம். அன்று அக்கருவி சொல்லும் வரலாறு வேறெவருடையதுமன்று, அவனுடையதே.