பழைய பாக்கி

செட்டிநாட்டுப் பக்கம் பூர்வீக வீடுன்னா ஏகப்பட்ட பங்காளிகள். விற்க எல்லோரும் கையெழுத்துப் போடணும். போட்டுட்டா, பர்மா தேக்குத் தூண்கள் காரைக்குடி பழம்பொருள் கடைக்குப் போய்விடும்.

1996-ல் திறந்த முட்டுக்காடு தட்சிணசித்ராவில் அப்படியொரு வீடு இருக்கிறது. ஊரில் பிரித்து, இங்கே கொண்டுவந்து மறுபடி எழுப்பியது. டிக்கெட் வாங்கினால் யாரும் முற்றம்வரை போகலாம்.

அங்கே நின்றபோது ஒரு கேள்வி. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுவரைக் கண்ணாடியாய்த் தேய்த்த கை, கிரகப்பிரவேசத்துக்கு அப்புறம் எதுவரை வந்திருக்கும்? அநேகமாகத் திண்ணைவரை!

'பாட்டன் வீட்டை மியூசியமாக்கி ஊருக்கே கொடுத்துட்டோம்' என்று சொல்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால், பி.காம். படிச்சவன் என்ற முறையில் ஒரு யோசனை. கணக்கில் அதை நன்கொடைன்னு எழுதாதீங்க. பழைய பாக்கின்னு எழுதுங்க.