வழுக்குமரத்தின் கணக்கு

கிருஷ்ண ஜெயந்திக்கும் பொங்கலுக்கும் நம் ஊர்களில் வழுக்குமரம் நடுவார்கள். பட்டை சீவி இழைத்த மரத்தில் விளக்கெண்ணெயும் கற்றாழைச் சாறும் பூசி, உச்சியில் பணமுடிப்பைக் கட்டுவார்கள். போதாதற்கு, ஏறுகிறவன் மேல் கீழிருந்து தண்ணீரை வேறு பீய்ச்சுவார்கள். முழங்காலில் சிராய்ப்பு இல்லாமல் அந்த மரத்தில் ஏறியவர் அரிது. சறுக்கி விழுந்தவன் உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி மரத்தைக் கட்டிப்பிடிக்கிறான். எரியத்தான் செய்யும். ஆனால் தோலில் எரிவது வேறு, மூட்டில் குத்துவது வேறு. முன்னது பொறுத்துக்கொள் என்கிறது. பின்னது நிறுத்து என்கிறது. இதை வீறாப்பு சொல்லித் தராது, உடம்புதான் சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. முதலில் ஏறித் தோற்றவர்கள் மரத்தின் எண்ணெயைத் தங்கள் உடம்பில் துடைத்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். கடைசியில் ஏறுபவனுக்குப் பிடி கிடைப்பது அதனால்தான். அவர்களுடைய சிராய்ப்பும் அந்தப் பரிசில் சேர்ந்திருக்கிறது. முடிப்பை அவிழ்க்கும்போது அவர்களையும் கூப்பிட்டுப் பங்கு கொடுங்கள்.