திரைக்குச் சலுகை, கூரைக்குத் தீர்வை

ஓர் அரசு எதை மதிக்கிறது என்பதை அறிய விரும்புவோர் அதன் மேடை முழக்கங்களைக் கேட்பதைவிட, அது யாரிடம் வரி வாங்குகிறது, யாருக்கு விட்டுக்கொடுக்கிறது என்று பார்ப்பதே மேல். வரி என்பது கணக்கர்க்கு மட்டும் உரிய பொருளன்று. அது நீதி பற்றிய கேள்வியுமாகும்.

காட்சிக் கலைகளுக்கு நம் அரசுகள் தாராளமாகவே கைகொடுத்து வந்துள்ளன. 2006ஆம் ஆண்டில் தமிழக அரசு, தமிழில் பெயர் சூட்டப்பெற்ற திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. 2011இல் ‘யு’ சான்றிதழ் முதலிய நிபந்தனைகள் சேர்ந்தன. 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும் அந்த ஏற்பாடு மாறியது. இந்தியாவில் படமாக்கப்படும் அயல்நாட்டுத் திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் ஆகும் செலவில் 40 விழுக்காடு வரை, 30 கோடி ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டுத் திருப்பித் தரப்படும் என்று நடுவண் அரசு 2023 நவம்பரில் அறிவித்தது.

இனி வீட்டைப் பார்ப்போம். தமிழகத்தில் வீடோ மனையோ வாங்குபவர் அதன் மதிப்பில் 7 விழுக்காட்டை முத்திரைத் தீர்வையாகவும் 2 விழுக்காட்டைப் பதிவுக் கட்டணமாகவும் செலுத்துகிறார். பழவேற்காட்டு ஏரிக்கரையில் பட்டா இல்லாத மணல்மேட்டில் வாழும் ஒரு மீனவக் குடும்பம், பொன்னேரிப் பக்கம் 10 இலட்ச ரூபாயில் சிறு வீடொன்று வாங்க முனைந்தால், அரசுக்குச் சேர வேண்டியது 90,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், 10 இலட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்ணின் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. நல்ல தொடக்கமே, ஆயினும் 80,000 ரூபாய் எஞ்சி நிற்கிறது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் இருக்க, தீர்வைக்கு அஞ்சி வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளும் ஏழை, வீட்டில் குடியிருந்தும் வீட்டுக்கு உரியவர் ஆவதில்லை. 2006இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி குடிசைக்கு விலையின்றி வந்தது. அதை வைப்பதற்கான சுவருக்கோ விலையும் உண்டு, தீர்வையும் உண்டு.

இதற்கு மறுமொழி இல்லாமல் இல்லை. படப்பிடிப்பு நடந்தால் தச்சர், மின்பணியாளர், ஓட்டுநர், சமையலர் எனப் பலருக்கு வேலை கிடைக்கிறது. சலுகை இல்லையேல் தயாரிப்பாளர் வேறு நாட்டை நாடிப் போய்விடுவார். வீடு எங்கும் போகாது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் வேண்டுமே! இவ்வாதம் பொய்யன்று. ஆனால் அதை முழுமையாக ஏற்றுக்கொண்டால், இடம்பெயரக் கூடியவனுக்குச் சலுகை, இடம்பெயர இயலாதவனுக்குச் சுமை என்பதே வரிநெறி ஆகிவிடும். அது வசதியின் விதி, நீதியின் விதியன்று. மேலும், விட்டுக்கொடுத்த வரியும் ஒரு செலவே. இதை உணர்ந்தே நடுவண் அரசு 2006-07 வரவு செலவுத் திட்டம் முதல், சலுகைகளால் இழக்கும் வருவாய்க்குத் தனிக் கணக்கு வெளியிட்டு வருகிறது. ஒருவருக்கு விட்டதை மற்றொருவர் ஈடுசெய்தே ஆக வேண்டும்.

பங்கீடு பற்றிய இக்கேள்வியைப் பழவேற்காட்டு மீனவர் வேறு வகையில் அணுகியுள்ளனர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் வழிவழியாக வந்த முறைக்குப் ‘பாடு’ என்று பெயர். ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடமும் உண்டு, வறண்ட இடமும் உண்டு. எவர் எங்கே, எப்போது வலை கட்டுவது என்பது சீட்டுக் குலுக்கியும் முறைவைத்தும் முடிவாகிறது. வல்லவர் என்பதற்காக எவருக்கும் நல்ல இடம் நிலைத்துவிடுவதில்லை. எளியவர் என்பதற்காக எவரும் என்றும் வறண்ட இடத்தில் நிற்க வேண்டியதுமில்லை.

இம்முறையும் குறையற்றதன்று. குறிப்பிட்ட சமூகத்தவர்க்கே அதில் பங்கு. ஏரியை நம்பிய ஏனையோர் சீட்டுக்கு வெளியே நின்றனர். பூசல்களும் எழுந்தன. பங்கீடு நேர்மையானதா என்று கேட்குமுன், பங்கீட்டின் வட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும் என்பதே இதனால் நாம் கற்கும் பாடம்.

அரசின் வரிச்சலுகைக்கும் இது பொருந்தும். தயாரிப்பாளர்களுக்குச் சங்கம் உண்டு; அமைச்சரைச் சந்தித்து மனு அளிக்க அவர்களால் இயலும். வாழ்நாளில் ஒருமுறை வீடு வாங்குபவருக்குச் சங்கம் ஏது? அவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தனியாக வருகிறார், கேட்ட தொகையைக் கட்டுகிறார், போய்விடுகிறார். அவருடைய முறையீடு பதிவாவதே இல்லை. திரைத்துறையின்மீது தனி அன்பு இருப்பதால் சலுகை பிறக்கிறது என்று நாம் சொல்லவில்லை. குரல் உள்ள இடத்தை அது தேடிச் செல்கிறது என்றே சொல்கிறோம்.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில், உழைப்பவர் தம் கூலியைச் சேமித்துச் சிறிதளவேனும் சொத்து உடையவராதல் வேண்டும் என்று விரும்பினார். மிகையான வரியால் அச்சொத்தை உறிஞ்சிவிடுவது அநீதி என்றும் அங்கேயே எச்சரித்தார். கலையை அரசு பேணக் கூடாது என்பது இதன் பொருளன்று. கலையும் மனிதர்க்குத் தேவையே. ஆனால் தேவைகளுக்குள் முறைவரிசை உண்டு. தலைக்கு மேல் முதற்கூரை அமைக்க முயலும் குடும்பத்துக்கு, அந்த முதல் வீட்டளவிலாவது, தீர்வையைத் தளர்த்திய பின்னரே பிற சலுகைகளை எண்ணுவது முறையாகும். அப்படித் தளர்த்தினால் குறையும் வருவாயை எவர் சுமப்பது என்ற கேள்வியும் உடன் எழும். இரண்டாம் வீடும் மூன்றாம் வீடும் வாங்குவோராகிய நம்மில் சிலரே அதற்கு விடை சொல்ல வேண்டியிருக்கும். சொல்ல ஆயத்தமாக இருக்கிறோமா?