விலை கொடுத்து வாங்கிய தவளை

விலை கொடுத்து வாங்கிய ஒன்றை நம் விருப்பப்படி நடத்தலாமா? வியாபாரிகளாகிய நமக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றுவதில்லை. சென்ற மாதம் பினாங்கில், மளிகைக் கடை நடத்தும் நண்பர் ஒருவரின் வீட்டில்தான் நமக்கும் தோன்றிற்று.

கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. "மாமா, உள்ளே தவளை இருக்கு" என்றான் அவர் மகன். பார்த்தோம், மண்தான் தெரிந்தது. பையன் கரண்டியை எடுத்துக்கொண்டு, "தோண்டிக் காட்டட்டுமா, வாப்பா?" என்றான். தந்தையும் தலையசைத்தார். நாம் வேண்டாமென்று தடுத்துவிட்டோம். நண்பருக்குச் சற்று வருத்தமே. "காசு கொடுத்து வாங்கியது, பார்க்கக்கூடவா உரிமையில்லை?" என்றார்.

அது ஆப்பிரிக்கப் பெருந்தவளை. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா முதலிய நாடுகளின் புல்வெளி அதன் தாயகம். ஆண் ஒரு கிலோவுக்கு மேலும் நிற்கும். பின்னங்காலில் மண்வெட்டி போன்ற புடைப்பு உண்டு. அதனால் மண்ணைத் தள்ளி, பின்பக்கமாகவே பூமிக்குள் இறங்கிவிடும். வறட்சி நீண்டால் உரிந்த தோலையே உறையாகப் போர்த்து, மூக்குத் துளையை மட்டும் திறந்துவைத்து, மாதக்கணக்கில் கிடக்கும். பெருமழை பெய்தால் மேலே வந்து குட்டையில் இனம் பெருக்கும். தலைப்பிரட்டைகளுக்கு ஆண்தான் காவல். குட்டை வற்றினால் ஆழமான நீருக்குத் தன் உடம்பாலேயே வாய்க்கால் வெட்டிக்கொடுக்கும். (காவலுக்கிடையே சிலவற்றை விழுங்கியும் விடும், ஆகவே இதைத் தந்தையர்க்கு முன்மாதிரியாக மேடையில் சொல்ல நினைப்போர் சற்றுப் பொறுப்பது நலம்.)

பூனை மடியில் வந்து படுக்கும். இத்தவளையோ நம்மிடம் அன்பை நாடி வருவதில்லை. அதற்கு வேண்டியது ஈரமண், குளோரின் நீங்கிய தண்ணீர், அளவான தீனி, தொந்தரவில்லாத தூக்கம். அது சுகமாக இருக்கும் பகலெல்லாம் நமக்குக் காட்சி இல்லை. நமக்குக் காட்சி வேண்டுமானால் அதன் சுகம் கெட வேண்டும். கடைப்பையனுக்குச் சம்பளம் கொடுக்கிறோம் என்பதற்காக, நடுநிசியில் எழுப்பி விருந்தினருக்குக் காட்டுவோமா? அவனாவது சம்மதித்து வேலைக்கு வந்தவன்.

பூனையைக் கட்டிப்போட்டுத் தீனியும் கொடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் அறிவோம். "தீனிதான் போடுகிறோமே" என்றார் நண்பர். மெய்தான், பாதிக் குற்றம் நீங்கிற்று. மறுபாதிக்கு என்ன செய்வது? வெளியே விடவும் இயலாது. அயல்நாட்டுப் பிராணி, இங்குள்ள சிற்றுயிர்களைத் தின்று தீர்த்துவிடும். வாங்கியாயிற்று, இனி வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். நல்ல பராமரிப்பில் இருபது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. பையன் படித்து, நிக்காஹ் முடிந்து வேறு ஊர் போன பிறகும் அது இருக்கலாம். கடையில் இத்தனை நீண்ட தவணைக்கு நாம் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை!

பெட்டியில் நாலு விரல்கடை மண்தான் இருந்தது. அரை முழமாவது வேண்டுமென்று சொல்லிவிட்டு வந்தோம். பத்து நாள் கழித்துப் பையன் தொலைபேசியில் அழைத்தான். மண்ணைக் கொட்டியதிலிருந்து தவளையைக் காணவேயில்லையாம். உயிரோடு இருக்கிறதா என்று தோண்டாமல் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டான்.

"காலையில் தண்ணீர்த் தட்டில் சேறு கிடக்கிறதா?"

போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"கிடக்கு, மாமா."