முரண்பட்டவரின் காகிதங்கள்

ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்து எழுந்து வந்த எழுத்தாளர் ஒருவர், அந்த மக்களின் போராட்டத்துக்கே எதிராகப் பேசிவிடுகிறார். செத்த பிறகு அவர் விட்டுப்போன காகிதங்களைக் காப்பாற்றத்தான் வேண்டுமா? அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியர் ஸோரா நீல் ஹர்ஸ்டனைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

ஃப்ளோரிடாவில் கறுப்பர்களே நிர்வாகம் செய்த ஈட்டன்வில் என்ற சிற்றூரில் வளர்ந்தவர் ஹர்ஸ்டன். தன் சனங்களின் பேச்சை அப்படியே நாவலில் எழுதினார். 1937இல் அவருடைய முக்கிய நாவல் வந்தது. வெள்ளைக்காரனைச் சிரிக்க வைக்கிற கூத்து என்று அதைச் சாடியவர் ரிச்சர்ட் ரைட், அவரும் கறுப்பர்தான். அதைவிடப் பெரிய சண்டை 1955இல் வந்தது. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று முந்தின ஆண்டு உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஹர்ஸ்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அந்தத் தீர்ப்பை எதிர்த்தார். வெள்ளைப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால்தான் நம்ம பிள்ளைக்குப் படிப்பு ஏறுமா, இது நமக்கு அவமானம் இல்லையா என்பது அவர் வாதம். நிறவெறியர்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியாது. பூட்டிய கதவைத் திற என்பது கெஞ்சல் இல்லை, உரிமை. ஈட்டன்வில் கொடுத்த தைரியம் எல்லாக் கறுப்புப் பிள்ளைக்கும் வாய்த்ததா என்ன?

1960 ஜனவரியில், ஃபோர்ட் பியர்ஸ் ஊரில், ஆதரவற்றோர் இல்லத்தில் ஹர்ஸ்டன் செத்தார். பெயர்க்கல்கூட இல்லாமல் புதைத்தார்கள். ஆலிஸ் வாக்கர் தேடிப்போய்க் கல் வைத்தது 1973இல்தான். செத்தவரின் வீட்டுச் சாமான்களோடு காகிதங்களையும் போட்டுக் கொளுத்தினார்கள். அவரை அறிந்த கறுப்பினக் காவலர் ஒருவர் அந்தப் பக்கமாக வந்தவர், தண்ணீரைப் பீய்ச்சித் தீயை அணைத்தார். ஓரம் கருகிய அந்தத் தாள்கள் இன்று ஃப்ளோரிடா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. ஏரோது மன்னனைப் பற்றி அவர் எழுதிய, முற்றுப்பெறாத நாவல் அவற்றிலிருந்துதான் 2025இல் புத்தகமாக வந்தது.

இவரைப் போய் எதற்குக் காப்பாற்றணும் என்று கேட்கும் தோழர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்த ஜெஃபர்சனின் காகிதங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பத்திரமாக வைத்திருக்கிறது. ஆள்கிறவன் தப்புச் செய்தால் அது வரலாறு, அடிபட்டவர் தப்பாகப் பேசினால் குப்பையா? எந்தத் தப்பும் செய்யாதவருக்குத்தான் நினைவு என்றால், நம்மில் யாருக்கு மிஞ்சும்?

காப்பாற்றுவது வேறு, கும்பிடுவது வேறு. கடிதத்தை மறைத்துவிட்டு நாவலை மட்டும் தூக்கிப் பிடிப்பதும் ஒருவகைக் கொளுத்தல்தான். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கணும். அப்போதுதான் நமக்குப் பின்னால் வருகிறவர்கள் ஹர்ஸ்டனோடு நேருக்கு நேர் சண்டை போட முடியும். சாம்பலோடு யார் வாதாடுவது?