கொடுத்த கணக்கும் குடியேறிய கணக்கும்

தருமத்திற்குக் கணக்குப் பார்க்கலாமா? வீடின்றித் தெருவில் படுப்போருக்கு உதவுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இக்கேள்வி நம்மிடையே எழுகின்றது. கொடுப்பதோடு நம் கடமை தீர்ந்தது, பெற்றவர் பின்னர் என்ன ஆனார் என்று துருவுவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும் என்பர் சிலர். இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், வணிகர்களாகிய நாம் இதைச் சற்று ஆழ்ந்து பார்க்க வேண்டும்.

கடையில் நாம் எப்படி நடக்கிறோம்? நாள் முழுதும் கூட்டம் அலைமோதியது என்பதற்காக இலாபம் வந்துவிட்டதாக எவரும் எழுதிக்கொள்வதில்லை. விற்றது எவ்வளவு, நின்ற பாக்கி எவ்வளவு, திரும்பி வந்த சரக்கு எவ்வளவு என்று பேரேட்டைப் புரட்டி ஐந்தொகை போட்ட பின்பே இலாப நட்டம் தெரியும். அறப்பணியில் மட்டும், இத்தனை பொட்டலம் கொடுத்தோம், இத்தனை பாய் விரித்தோம் என்பதோடு ஏட்டை மூடிவிடுகிறோம். அது செலவுக் கணக்கேயன்றிப் பயன் கணக்கு அன்று.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டில் லீ குவான் இயூ பொதுக்கொள்கைப் பள்ளியின் ஆய்வுக்குழு, நூற்றுக்கணக்கான தொண்டர்களுடன் இரவு வேளையில் தீவெங்கும் நடந்து, வெளியில் உறங்குவோரை எண்ணியது. 1,050 பேர் வரை இருக்கலாம் என மதிப்பிட்டது. பேட்டி கண்டவர்களில் பத்தில் அறுவர் வேலை செய்பவர்கள்! சோம்பேறிகள் என்று வாய்க்கு வந்தபடி பேசியவர்களுக்கு இந்த ஓர் எண்ணே விடையாயிற்று.

2021இல் மீண்டும் எண்ணியபோது தெருவில் 616 பேரே இருந்தனர். இதை மட்டும் படித்தால் எவரும் மகிழ்வர். ஆனால் அவ்வாய்வு மற்றொரு பத்தியையும் நிரப்பியிருந்தது. தற்காலிக உறைவிடங்களில் இருந்தோர் 65இலிருந்து 420 ஆகியிருந்தனர். 2020இல் நோய்த்தொற்று பரவியபோது பலருக்கு அங்கே இடமளிக்கப்பட்டது. இரண்டையும் கூட்டினால், முன்பு 1,115, பின்பு 1,036. அஞ்சடியில் நனைவதைவிடக் கூரைக்கடியில் படுப்பது பெரும் நன்மை. அதை இகழ்வார் யார்? ஆயினும், கடையிலிருந்து கிட்டங்கிக்கு மாற்றிய சரக்கை விற்றுமுதலில் எழுதுவோமா?

அமெரிக்காவில் 2009இல் இயற்றிய சட்டம் ஒன்று, உதவி பெறும் ஊர்களிடம் வேறு கேள்விகளைக் கேட்கச் செய்தது. வீடற்ற நிலையில் ஒருவர் எத்தனை நாள் கழித்தார்? நிலையான வீட்டிற்குப் போனவர் எத்தனை பேர்? போனவர்களில் மீண்டும் வீடிழந்தவர் எத்தனை பேர்? மூன்றாவது கேள்வியே கசப்பானது, பயனுள்ளதும் அதுவே. திரும்பி வந்தவர் ஏன் வந்தார் என்று கேட்டால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும். இங்கேயும், வீவக வாடகை வீட்டில் முன்பின் பழகாத இருவர் சேர்ந்து குடியிருப்பதால் சச்சரவு வந்து வெளியேறியோர் உண்டு. 2021 இறுதியில், தனியாக விண்ணப்பிப்போருக்கு ஏற்ற துணையைத் தேடித்தர நடத்துநர்களை அமர்த்தும் முறையை வீவக சோதித்துப் பார்த்தது. குறை எதுவென்று தெரிந்த பிறகே மருந்தும் தெரிந்தது.

கணக்கிலும் ஆபத்து உண்டு. எண் அழகாக இருக்க வேண்டுமென்று, எளிதில் கரையேறக் கூடியவரைச் சேர்த்துக்கொண்டு, நோயாளியான முதியவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் நிலையம் தோன்றலாம். ஆகவே, திருப்பி அனுப்பியவர் எத்தனை பேர் என்பதும் ஏட்டில் ஏற வேண்டும். உதவி பெற்றவர் பெயரோ, ஏட்டிற்குள் அமானிதமாக இருக்க வேண்டும். மேடைக்கும் படத்திற்கும் அது உரியதன்று.

இதில் நமக்கும் பங்குண்டு. நன்கொடை கேட்டு வருவோரிடம் நாம் பணிவாக ஒன்று கேட்கலாம்: சென்ற ஆண்டு உங்களிடம் இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பாதிப்பேர் தெருவுக்கே திரும்பிவிட்டனர் என்று ஒருவர் உள்ளதைச் சொன்னால், அதற்காக நம் பணப்பையை மூடிக்கொள்ளலாகாது. உண்மை சொன்னவரைத் தண்டித்தால், அடுத்த ஆண்டு பொய்க்கணக்கு எழுத நாமே கற்றுக்கொடுத்தவர்களாவோம். என்ன குறை, எது வேண்டும் என்று கேட்டு, அதற்கும் கைகொடுப்பதே முறை. கொடுத்ததை நாம் மறந்துவிடலாம். பெற்ற மனிதரை மறந்துவிட நமக்கு உரிமையில்லை.