கத்தி பிடிக்கும் கையும் அமானிதமே

ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931. பக்தாதில் வைத்தியர் ஒருவரின் தவறால் நோயாளி மரணமடைந்தார். செய்தி கலீபா முக்ததிருக்கு எட்டியது. தேர்வு பெறாத எவரும் இனி வைத்தியம் செய்யலாகாது என ஆணையிட்டு, தேர்வுப் பொறுப்பை சினான் இப்னு தாபித்திடம் ஒப்படைத்தார். சுமார் 860 பேர் சோதிக்கப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆனால் புகழ் பெற்றவர்களுக்கும் அரண்மனை வைத்தியர்களுக்கும் விலக்கு!

அந்த விலக்கு சரியா என்பதே இன்றும் கேள்வி. அமெரிக்க அறுவை மருத்துவ வாரியம் 1976இல் தன் சான்றிதழுக்குப் பத்தாண்டுத் தவணை வைத்தது. அதற்கு முன் பெற்றவர்களுக்கோ அது ஆயுள் சான்றிதழாகவே நீடித்தது. பிரிட்டனில் 2012 டிசம்பர் முதல் மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கொரு முறை மறு உறுதி பெற வேண்டும். நம் நாட்டின் 2002ஆம் ஆண்டு விதிகள் ஐந்தாண்டில் 30 மணி நேரத் தொடர் கல்வியைச் சொல்கின்றன. மண்டபத்தில் அமர்ந்து கேட்ட மணிகளைக் கொண்டு கையின் திறனை அறிய முடியுமா?

நமது காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலையை விரித்துப் பார்த்தே வாங்குகிறார்கள். ஐம்பதாண்டு நெய்தவர் என்பதற்காக மடித்தபடி யாரும் வாங்குவதில்லை. சேலையில் இழை பிசகினால் கண்ணில் படும். வயிற்றுக்குள் நேர்ந்த பிழையையோ தையல் மூடிவிடும்.

"அனுபவம் போதாதா?" எனலாம். அனுபவத்தை யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பித்தப்பையைச் சிறு துளைகள் வழியே அகற்றும் முறை இந்தியாவுக்கு 1990இல்தான் வந்தது. அதற்கு முன் பட்டம் பெற்றவர் பின்னர் அதை முறையாகக் கற்றாரா என்பதற்கு அப்பட்டம் சாட்சியாகாது. வயது ஏறக் கண்ணும் கையும் தளர்வதும் அல்லாஹ் வகுத்த நியதி, அதில் இழிவில்லை.

நாளெல்லாம் நோயாளிகளைக் கவனிப்பவரைப் பரீட்சைக்கு உட்கார வைத்தால் ஏழை நோயாளியை யார் பார்ப்பது என்ற ஆட்சேபம் நியாயமானதே. கல்லூரிப் பரீட்சை வேண்டியதில்லை. அவர் செய்த அறுவைகளின் கணக்கையும் விளைவையும் சக மருத்துவர்கள் பரிசீலிக்கட்டும். குறை கண்டால் முதலில் கற்றுக் கொடுக்கட்டும்.

வைத்தியம் அறியாமல் செய்து தீங்கு விளைவித்தவர் ஈடு செய்ய வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். அறிந்து, கவனத்துடன் செய்தவர் மீது, நோயாளி இறந்தாலும் குற்றமில்லை. ஆகவே இச்சோதனை நல்ல மருத்துவருக்குக் கேடயமே ஆகும்.

சகோதர, சகோதரிகளே! அறுவைக்கு முன், "டாக்டர், இந்த ஆபரேஷனை அண்மையில் செய்திருக்கிறீர்களா?" என்று மரியாதையுடன் கேளுங்கள். அது அவநம்பிக்கையல்ல, உயிரை அமானிதமாக ஒப்படைப்பவரின் உரிமை. ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். அதற்குரிய முயற்சியைச் செம்மையாகச் செய்வது மனிதனின் கடமை.